சவரியம்மாவின் ட்ரம்

துரையின் படகு எஞ்சின் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் ஒரு சாக்கின்மேல் மல்லாந்து கிடந்தது. எல்கடுவை மலையில் படகு விட இடமில்லை. பங்குனி முழுக்க மழையில்லாததால் கோப்பை கழுவவும் தண்ணீரில்லை. ஆனால், வெள்ளைக்காரர் கப்பலேறிய பின் வந்த எங்கள் சுதேசத் துரைக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் நாலந்தாக் குளம் இருந்தது. போன வாரம் நடுக்குளத்தில் எஞ்சின் புகைந்து நின்றுபோக, விருந்தாளிகள் முன்னால் அவரே துடுப்புப் போட வேண்டியதாயிற்று. சுதந்திர நாட்டில் நடக்கக்கூடாத காரியம்.

எஞ்சினுக்குள் படிந்த கரியைச் சுரண்டும் வேலை அப்பாவுக்கு வந்தது. கபிரியேல் என்றால் தோட்டத்து லொறி எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார் என்று பெயர். படகு எஞ்சினை அன்றுதான் பார்த்தார். பங்களாப் புல் அழுக்காகும் என்று துரைசாணி சொன்னதால் எஞ்சின் லயத்துக்கு வந்திருந்தது. அப்பா மூடியைக் கழற்றி, பிஸ்டன் தலையை மூங்கில் சிம்பால் சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார். தார்போல வந்தது. இனி ஓட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீருக்குள் இறக்காமல் ஓட்டினால் சூட்டில் இறுகிவிடும்.

லயத்தில் தண்ணீர் இருந்தது ஒரே ட்ரம்மில். பிள்ளை பெற்றிருந்த அக்கா அஞ்சலாவுக்கும் பிள்ளைக்கும் தீட்டுக் கழியத் தலைக்கு ஊற்றவென்று, மலைத் தண்ணீர் விழும் பீலியில் சொட்டுச் சொட்டாகப் பிடித்து அம்மா சேர்த்தது. அது முடியும்வரை பேரனைத் தொடக்கூடாதென்று அப்பாவுக்கு உத்தரவு. அன்று மத்தியானம்தான் முதன்முதலாகத் தூக்குவதாக இருந்தார்.

"அந்தத் தண்ணியில மட்டும் கைய வச்சிறாதீங்க" என்றாள் அம்மா.

"தண்ணி எங்க ஓடப்போவுது சவரி? ட்ரம்முக்குள்ளதானே கெடக்கும். கொஞ்சம் சூடாவும். ஒனக்கு வெறகு மிச்சம்."

அம்மா யோசித்து ஒதுங்கினாள். விறகும் அப்போது சும்மா கிடைக்கவில்லை.

லொறிப் புகை வெளியே போகும். படகு எஞ்சின் தண்ணீருக்குள்ளேயே புகைவிடும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. துரைக்குத் தெரியும், அவரை யார் கேட்பது? அப்பா எஞ்சினை ட்ரம் விளிம்பில் மாட்டி, அடிப்பக்கத்தைத் தண்ணீருக்குள் இறக்கிக் கயிற்றை இழுத்தார். ட்ரம் கொதித்தது. சுரண்டியதுபோக உள்ளே மிஞ்சியிருந்த கரியெல்லாம் கறுப்புக் குமிழிகளாக மேலே வந்தது. அந்த நேரம் பார்த்துத் துரை ஜீப்பில் வந்து, சத்தம் நன்றாயிருக்கிறதென்று மெச்சி, எஞ்சினை ஏற்றிக்கொண்டு போனார்.

அம்மா ட்ரம்முக்குள் எட்டிப் பார்த்தாள்.

"வெறகு மிச்சந்தான்" என்றாள்.

அக்கா பிள்ளையோடு வாசற்படிக்கு வந்தாள். அப்பாவுக்கு முழங்கைவரை கரி. பீலியில் இனி விடிந்தால்தான் தண்ணீர். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் ட்ரம்முக்குள் விட்டுத் தேய்த்தார். வெளியே எடுத்தபோது அவை முன்னைவிடக் கறுப்பாக, எண்ணெய் மினுங்கச் சொட்டின. அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார். அக்கா படியிலிருந்து இறங்கவில்லை.