நிரம்பிக்கொண்டே இருந்த ஏசி

எங்கள் ஏசிக்கு என்மேல் என்ன கோபமோ தெரியவில்லை. நான் விழித்திருந்தால் ஒழுங்காக ஓடும். கண்ணயர்ந்தால் போதும், மூன்று முறை கீச்சிட்டு, சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றுவிடும். தொட்டி நிரம்பிவிட்டது, எழுந்து வந்து தண்ணீரை வடி என்று அர்த்தம்.

சக்கரம் வைத்த ஏசி அது. இத்தாலியில், போலோன்யாவில் எங்கள் கட்டடம் நானூறு வருஷத்துக் கிழம். வெளிச்சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்குக்கூட நகராட்சியிடம் கைகட்டி நிற்க வேண்டும். அதனால் தடித்த குழாயை ஜன்னல் பலகையின் ஓட்டை வழியாக வெளியே நீட்டிக்கொண்டு, கட்டிலோரத்திலேயே நிற்கும். புழுக்கத்தில் அது உறிஞ்சும் ஈரமெல்லாம் அடியில் சேரும். வடிக்கிற ரப்பர் மூடியை எந்தப் புத்திசாலி வைத்தானோ, தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் வைத்திருக்கிறான். எந்த வாளியும் நுழையாது. நான் லசான்யா சுடுகிற தாழ்வான தட்டு ஒன்றுதான் நுழையும். தட்டில் பிடித்து, மூடியை அடைத்து, தளும்பாமல் குளியலறைக்குத் தூக்கிப்போய்க் கொட்டிவிட்டு வந்து மறுபடி பிடிக்க வேண்டும். ஒரு தடவைக்கு நான்கு தட்டு. முதல் தட்டுத் தண்ணீரை மட்டும் நீராவி இஸ்திரிப் பெட்டிக்கென்று எடுத்துவைப்பேன்.

வேறு வருஷமாக இருந்தால் தொலைந்து போ என்று மின்விசிறியைப் போட்டுக்கொண்டிருப்பேன். இந்த வருஷம் முடியாது. என் கணவன் வானெஸ் நெஞ்சைத் திறந்து அறுவை செய்துகொண்டு வீடு திரும்பிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. "அறை இருபத்தாறு டிகிரிய தாண்டவே கூடாதும்மா. இந்த வெயில அவரு இதயம் இப்போதைக்குத் தாங்காது" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வெளியே முப்பத்தொன்பது. நாங்கள் இருப்பதோ ஓட்டுக்கூரைக்கு நேர் கீழே.

ஆகஸ்ட் பதினான்காம் தேதி மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபடி சற்றே தூங்கிவிட்டேன். கீச், கீச், கீச். எழுந்து பார்த்தால் அறையில் இருபத்தொன்பது டிகிரி. அன்றைக்கு அது மூன்றாவது தடவை. வானெஸின் மேலுதட்டில் வியர்வை துளிர்த்திருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். பின்னால் அலைச் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன.

"ரிமினி பீச்சுல இருக்கேன்மா. இருபத்தாறாந்தேதி வந்து பாக்குறேன்."

"இருபத்தாறாந்தேதிக்குள்ள என் புருஷனுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா?"

"ஃபில்டரக் கழுவிப் பாருங்க" என்றான். சனிக்கிழமை தவறாமல் கழுவுகிறேன். போனைக் கட்டிலில் வீசினேன்.

கோபத்தில் செய்கிற வேலை எப்படி இருக்கும்? இரண்டாவது தட்டு நிரம்பியதும் மூடியை அடைக்கப் போனேன், அது கை நழுவி அலமாரிக்கு அடியில் உருண்டுவிட்டது. விரலால் ஓட்டையைப் பொத்தினேன். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி சில்லிட்டது. விரல் மரத்துப்போய் எடுத்துவிட்டேன். அறை முழுக்க ஓடி, பால்கனிக் கதவைத் தாண்டி, கீழ் வீட்டுப் பால்கனியில் சொட்டச் சொட்ட விழுந்தது.

கீழ் வீடு என்றால் மலகுத்தி அம்மாவின் வீடு. இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே ஏசித் தண்ணீர் அவர் காயப்போட்ட படுக்கை விரிப்பில் நாலு சொட்டு விழுந்ததற்குக் கட்டட நிர்வாகிக்குப் பதிவுத் தபால் போட்டவர். அன்றிலிருந்து மாடிப்படியில் வணக்கம் சொல்வதோடு சரி. ஊரே கடலுக்கும் மலைக்கும் போய்விட்ட ஆகஸ்ட்டில், ஆறு வீடுகளில் மிச்சம் இருந்தது நாங்களும் அவரும்தான். வாசல் மணி அடித்தது.

"லொரெத்தா! என் ஜெரேனியம் செடிக்கு நான் காலையிலயே தண்ணி ஊத்தியாச்சு!"

"ஊத்தினா ஊத்திக்கோங்க! இன்னொரு தபால் போடுங்க! போஸ்ட் ஆபீஸ் பூட்டியிருக்கு, இருந்தாலும் போடுங்க!" என்று கத்தினேன். கத்தியபடியே அழுதுவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், உள்ளே கட்டிலில் வெளுத்துக் கிடந்த வானெஸைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"துடைப்பான் எங்க இருக்கு? அழுறத அப்புறம் வெச்சுக்கலாம்."

இரண்டு பேரும் துடைத்தோம். அலமாரிக்கடியில் கையை விட்டு மூடியை அவரே எடுத்தார். தட்டில் இருந்த தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இவ்ளோ சில்லுனு வரக்கூடாதே. பின்பக்கத்தத் தொறங்க."

ஃபில்டரை உருவினேன். சுத்தமாக இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த அலுமினியத் தகடுகளைப் பார்த்துத்தான் திடுக்கிட்டேன். வெள்ளை வெளேரென்று பனி கட்டியிருந்தது. கீழ்ப்பாதி ஏற்கெனவே உருகி ஒழுகிக்கொண்டிருந்தது.

"இருபத்தெட்டு வருஷம் ஐஸ்கிரீம் கடையில இருந்தவ நான். இது ரிப்பேரே இல்ல. காத்து வர்ற வாயை யாராவது மூடினா உள்ள இப்படித்தான் பனி புடிக்கும். தொறந்ததும் அத்தனையும் ஒரேயடியா உருகித் தொட்டிய ரொப்பும். துணி கிணி போட்டு மூடினீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா? புருஷனுக்கு உயிரு இதுலதான் இருக்கு, நான் போய் மூடுவேனா?"

மலகுத்தி அம்மா கட்டில் பக்கம் திரும்பினார். நானும் திரும்பினேன். வானெஸ் விட்டத்தை அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தாறு வருஷம் ஒருத்தனோடு குடும்பம் நடத்தியவளுக்கு அந்தப் பார்வை புரியாதா? தலையணைக்கு அடியில் கையை விட்டேன். அவனுடைய கம்பளி பனியன் ஈரமாக, சில்லென்று சுருட்டிக் கிடந்தது.

"ஆகஸ்ட் மாசத்துல கம்பளி பனியனா! நீதான் மூடினியா?"

"நீ தூங்குறப்ப மட்டும்தான்" என்றான். "நீ முழிக்கிற மாதிரி அசைஞ்சதுமே எடுத்துடுவேன்."

"எதுக்கு? சாகணும்னு ஆசையா?"

"கத்தாத. நாற்காலிய எங்க போட்டிருக்கே பாரு. நேரா காத்துல கழுத்தக் குடுத்துட்டுத் தூங்குற. வேர்த்த கழுத்து. நாளைக்கு உனக்குக் கழுத்துப் புடிச்சுக்கிட்டா யாரு பாக்குறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பனியனாலேயே அவனை அடித்திருப்பேன். நெஞ்சில் தையல் இருந்ததால் தப்பித்தான். துணைக்கு ஆள் சேர்க்க மலகுத்தி அம்மாவைப் பார்த்தேன்.

"அவரு சொல்றது சரிதானே?" என்றார் அந்த அம்மா. "வேர்த்த கழுத்துல குளிர்காத்து பட்டா என்ன ஆகும்னு தெரியாதா உங்களுக்கு? என் மச்சான் மூணு வாரம் தலையத் திருப்ப முடியாமக் கெடந்தாரு."

வானெஸ் வெற்றியோடு தலையாட்டினான். என்ன சொல்ல! எங்கள் ஊரில் இதயம் நின்றுபோவதைக்கூட ஒத்துக்கொள்வார்கள், கழுத்தில் காற்றடிப்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பனி முழுக்க உருகும்வரை காத்திருந்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஏசியைச் சுவரோரம் தள்ளினோம். நாற்காலியைக் கூடத்துக்குத் துரத்தினோம். கடைசித் தட்டையும் கொட்டிவிட்டு மூடியை அடைத்து ஓடவிட்டோம். இருபத்தொன்பது, இருபத்தெட்டு. மலகுத்தி அம்மா போவதாகவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு ஏசியில் தெரிந்த டிகிரியையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்தாறு வந்ததும், "சரி, நான் வர்றேன்" என்று செருப்பை மாட்டினார். அவரைக் கட்டிக்கொண்டேன். அவர் விறைத்துப்போய் நின்றார், ஆனால் தள்ளிவிடவில்லை.

உள்ளே வந்து வானெஸின் தையலைப் பார்த்தேன். பிரியவில்லை. சிவக்கவும் இல்லை. கையை எட்டி நீட்டக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் ஆயிரம் முறை சொல்லியிருந்தார்கள்.

"வலிச்சுதா?"

"எட்டும்போது கொஞ்சம்."

பதினோரு நாளாக அவன் மூச்சுக்கு நான் காவல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எப்போது தூங்குவேன் என்று அவன் விழித்துக் கிடந்திருக்கிறான்.

"நாற்காலிதான் போயிடுச்சே. இங்க படு. இந்தப் பக்கம் காத்து வராது" என்றான்.

தூக்கத்தில் கை பட்டு அவன் நெஞ்சில் இடித்துவிடுவேனோ என்று அதுவரை கட்டில் பக்கமே நான் போகவில்லை. ஓரத்தில், விறைப்பாக, மரக்கட்டை மாதிரிப் படுத்தேன். அவன் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. ஏசியும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எப்போது தூங்கினேனோ தெரியாது.

சாயங்காலம் அவன்தான் தோளைத் தட்டி எழுப்பினான். பதறி எழுந்தேன். சிவப்பு விளக்கு இல்லை, இருபத்தைந்து டிகிரி.

"என்ன? என்ன பண்ணுது?"

"பசிக்குது" என்றான்.

அறுவைக்குப் பிறகு அவனாக வாய் திறந்து அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் சமையலறைக்கு ஓடினேன்.