கொல்லைப்புறத்துக் கௌரவம்

எங்கள் தெருவை இடித்துப் புது வளாகம் கட்டத் திட்டம் வந்தது. கீழே கடைகள், மேலே குடியிருப்பு, நடுவில் நூலகம். உண்மையிலேயே பழமையான ஒரு கட்டடத்தை மட்டும் அப்படியே காப்பாற்றி, அதற்கு உரிய குடும்பத்தின் பெயரையே வளாகத்துக்கு வைப்பதென்று தெருக்கூட்டம் முடிவு செய்தது. எங்கள் வீட்டை விட்டால் வேறு எது? வாசலில் ஆறு தூண்கள், ஒன்றுகூட வளைந்து கொடுக்காது. நானும் அப்படித்தான்.

ஆய்வுக்கு வந்த பொறியாளர் அம்மா தூணைத் தட்டிப் பார்த்தார்.

"ஐயா, இது உங்க அப்பா காலத்து சிமென்ட். உள்ள வெறும் குழாய்தான்."

"வீடு?"

"அதுவும் அப்பக் கட்டினதுதான். ஆனா கொல்லையில ஒண்ணு இருக்கே, அபாரம்! சுண்ணாம்புக் காரை, வளைவுக் கூரை. அதை மட்டும் வச்சுக்கறோம்."

கொல்லையில் இருந்தது தாத்தா கட்டிய கழிவறை.

"அது எங்க தாத்தாவோட தியான அறை" என்றேன்.

"ஆமாம்மா" என்றாள் என் அக்கா. "காலையில ஒரு தியானம். வயிறு கெட்டா நாள் பூரா தியானம்."

பொறியாளர் சிரிக்கவில்லை. "வேண்டாம்னா பக்கத்துவீட்டு எண்ணெய்க்கடைக்காரர் கிடங்குதான் அடுத்தது. வளாகத்துக்கு அவர் பேரை வச்சிடுவோம்."

எண்ணெய்க்கடைக்காரர் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். "உங்களுக்கு எதுக்கண்ணே இந்த நாத்தம்? விட்டுக்கொடுங்க."

அவர் பெயர் எழுதிய வாசலில் நான் நுழைவதா? சம்மதித்தேன். பொய் எங்கள் பரம்பரையில் இல்லை. ஆகவே கழிவறை கழிவறையாகவே இருக்க வேண்டும், முதல் உரிமை குடும்பத் தலைவருக்கு என்று நிபந்தனை போட்டேன்.

தூண்கள் போயின. வளாகம் எழுந்தது. கடைகள் கழிவறைக்கு வழிவிட்டு வளைந்து நின்றன; நூலகத்தின் பெரிய ஜன்னல் அதைப் பார்த்தே திறந்தது. கழிவறைக் கதவின் மேல் தாத்தாவின் முழுப் பெயர், பட்டங்களோடு.

திறப்பு விழாவன்று புதுக் கழிவறைகளுக்குத் தண்ணீர் இணைப்பு வரவில்லை. விருந்தோ பலமான விருந்து. நான் உள்ளே போய்த் தாழிட்டேன். வெளியே தெருவே வரிசையில் நின்றது. கதவு தட்டப்பட்டது.

"அண்ணே, கும்பிடறேன், சீக்கிரம் வாங்க." எண்ணெய்க்கடைக்காரர் குரல்.

"தலைக்கு மேல என்ன எழுதியிருக்கு? சத்தமா படி."

படித்தார். பட்டம் ஒன்று விடாமல், ஒரே மூச்சில். வரிசையும் சேர்ந்து படித்தது. உள்ளே எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் கடைசிப் பட்டம் அத்தனை தெளிவாகக் காதில் விழவில்லை.

"இன்னொரு தடவை" என்றேன்.