பாஷே நின்ற இடம்

...மழைகூடவா கழுவவில்லை, இத்தனை நாள் பெய்திருக்கிறதே, வேலிக்குள் அந்த மூன்று திட்டுகள் மட்டும் இன்னும் கரும்பச்சையாய் நிற்கின்றனவே என்று நினைத்துக்கொண்டே ரெசியாத்தோ இரும்புக் குழாயைத் தோள் மாற்றினாள். முன்னால் வஞ்சிரா நடந்தாள், நைரோபியிலிருந்து வந்து நாலு வருஷமாய் இந்தப் புல்வெளியின் மண்ணைப் படிக்கிற பெண். மாடே மேயாத நிலத்தில் தழைச்சத்து எவ்வளவு தங்குகிறது என்று பார்க்கத்தான் முள்வேலி, அதற்குத்தான் ஒரு வருஷமாய் ரெசியாத்தோ காவல், இன்று மண்ணெடுக்கும் நாள். காவல்காரியே வேலியைத் திறந்தாள் என்று மண் சொல்லிவிடுமோ... திட்டில்லாத இடமாய்ப் பார்த்து, இங்கே குத்துங்கள் என்று கைகாட்டினால் யாருக்குத் தெரியும்? எங்காய்க்குத் தெரியும், மழையைத் தருகிற அந்தக் கடவுளுக்கு. வேலை போய்விடும், அதுகூடப் பரவாயில்லை, இந்தப் பெண் இனி என்னை நம்புவாளா?

ஆனால் அந்த வறட்சியில் வேறென்ன செய்வது, புருஷனின் மூத்த மனைவி நமுன்யாக்கிடம் மிஞ்சியது அந்த ஒரே பசு, அதுவும் சினைப்பசு, எழுந்து நிற்கக் கால் நடுங்கியது, வேலிக்குள் மட்டும் முழங்கால் உயரப் புல், காய்ந்ததுதான், ஆனாலும் புல். மூன்று மத்தியானம் யாருக்கும் சொல்லாமல் ரெசியாத்தோ வேலியைத் திறந்து அதை உள்ளே விட்டாள். அது மேய்ந்தது, நாளுக்கு ஓரிடமாய் நின்று மூத்திரம் பெய்தது, அந்த மூன்று இடம்தான் இந்த மூன்று திட்டு. அன்று சாயங்காலம் நமுன்யாக், "ஏ பாஷே, என் பசு எங்கயோ விருந்துக்குப் போயிட்டு வர்ற மாதிரி வருதே, எனக்கு மட்டும் அழைப்பு இல்லையா?" என்று கேலி செய்தபோதும் வாய் திறக்கவில்லை. பாஷே... கல்யாணப் பெண்ணாய் வந்து, பரிசு தரும்வரை உள்ளே கால் வைக்காத வழக்கப்படி வாசலில் நின்ற ரெசியாத்தோவுக்கு, சக்களத்தி என்று முகம் சுளிக்காமல் ஒரு கிடாரிக்கன்றைத் தந்தவள் நமுன்யாக். கிடாரி கொடுத்தவளும் வாங்கியவளும் அதன்பிறகு பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, இருவருமே பாஷேதான். அந்தக் கிடாரி வளர்ந்து, ஈன்று, கன்றுகளோடு அந்த வறட்சியில்தான் செத்தது.

அதோ பழைய மாட்டுப்பட்டி இருந்த வட்டம், தான் பிறக்கும் முன்பே கைவிட்ட இடம், இன்னும் அங்கேதான் மான்கள் மேய்கின்றன. அங்கே விழுந்த சாணத்தின் சத்தெல்லாம் இத்தனை வருஷம் எங்கே ஒளிந்திருக்கும்? ஒருமுறை கேட்டதற்கு வஞ்சிரா சொன்னாள், "கண்ணுக்குத் தெரியாத உயிருங்க தின்னும்க்கா, சாகும், அதை இன்னொண்ணு தின்னும், வேரு கொஞ்சம் எடுத்துக்கும், புல்லு மக்குனா மறுபடி மண்ணு. கைமாறிக்கிட்டே இருக்குறதாலதான் மழையால முழுசா அடிச்சிட்டுப் போக முடியல." கைமாறிக்கொண்டே இருந்தால் அது யாருடையது...

"என்னக்கா, புல்லைப் பறிச்சுக் கையில பிடிச்சிருக்கீங்க?"

வேலிக்கு வந்துவிட்டார்கள். ரெசியாத்தோ தன் கையைப் பார்த்தாள், வழியில் எப்போது பறித்தாளோ. கையில் புல்லை ஏந்தினால் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று இந்த ஊரில் பழகிய வஞ்சிராவுக்குத் தெரியும்.

"என்ன செஞ்சீங்க?"

சொன்னாள். மூன்று மத்தியானத்தையும் சொன்னாள். வஞ்சிராவின் முகம் வாடியது.

"ஒரு வருஷம்க்கா..." வேலிக்குள் திட்டுகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள். பிறகு, "பசு பிழைச்சுதா?"

"பிழைச்சுது. கன்னும்தான்."

வஞ்சிரா கரும்பச்சைத் திட்டின் அருகே மண்டியிட்டாள், குழாயை வாங்கி அழுத்தினாள், வந்த மண்ணை முகர்ந்தாள், கண்ணில் பழைய ஆவல் மெல்லத் திரும்பியது. "மத்த வேலி மண்ணோட இதைச் சேர்க்கக் கூடாது, தனிப் பைதான். நாளைக்குக் காவல் யாருன்னு அப்புறம் பேசலாம். பை மேல என்ன பேரு எழுத?"

"பாஷே."

"பசு பேரா?"

ரெசியாத்தோ ஆமென்று தலையசைக்கப் போனாள், முடியவில்லை. பசுவுக்கா அந்தப் பேர், நமுன்யாக்குக்கா, தனக்கா? வேலியைத் திறந்தபோது தான் கொடுத்ததாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்... அல்லது வாசலில் நின்ற அன்று நமுன்யாக்கிடம் வாங்கியதுதான் அவளிடமே திரும்பிப் போனதா, அப்படியானால் இடையில் இத்தனை வருஷம் அது எங்கே இருந்தது?