பாலத்தில் நாலு முத்தம்

நதேழ் எங்கள் சைக்கிள் கிளப்பில் சேர்ந்த அன்றே அவளை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. ஆடு வளர்க்கிறாள், ஆற்றுக்கு அந்தக் கரைக்காரி, புருஷனை விட்டுவிட்டு வந்தவள், மேடு ஏறும்போதும் வாய் மூடாமல் பேசுகிறாள். இதெல்லாம் குற்றமா என்றால் இல்லை. அவள் பேசும்போதெல்லாம் என் கணவன் லூதோவிக் சிரிக்கிறானே, அதுதான் குற்றம்.

கிளப்பில் எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவோம். நான் அவளை மட்டும் 'நீங்க' என்றேன். மரியாதை என்று அவள் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

ஒவ்வொரு ஜூனிலும் நடு பிரான்ஸில் ஓடும் எங்கள் ஷேர் ஆற்றங்கரையோடு மூன்று நாள் சைக்கிள் பயணம் போவோம். மேற்கே போகிற பாதை என்பதால் காற்று எப்போதும் முகத்தில்தான் அறையும். முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக் கொடுப்பான். அவன் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு வருகிறவளுக்குப் பாதி உழைப்பு மிச்சம். கல்யாணம் ஆனதிலிருந்து லூதோவிக்கின் பின்சக்கரம் என்னுடையது. அவனுடைய சட்டை முதுகில் எந்த இடத்தில் முதலில் வியர்க்கும் என்பது வரை எனக்குத் தெரியும். இந்த வருஷம் முதல் நாள் காலை, ஹெல்மெட் வாரைச் சரிசெய்ய ஒரு நிமிஷம் நின்றேன். நிமிர்ந்து பார்த்தால் அந்த இடத்தில் நதேழ்.

மிதித்துப் போய் லூதோவிக் அருகே சேர்ந்துகொண்டேன்.

"என்னப்பா, உன் முதுகுக்குப் பின்னாடி எனக்கு இடமில்லையா?"

"அவ புதுசு கிஸ்லேன். இந்தக் காத்துல திணறிப்போவா."

"திணறுறவதான் இப்படிப் பாட்டுப் பாடிக்கிட்டு வர்றாளா?"

அதற்கும் சிரித்தான். அன்று முழுக்கக் காற்றை நானே தனியாக வாங்கிக்கொண்டு மிதித்தேன். யாராவது கவனிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

மாலையில் பழைய ஜெர்மன் காவல் கூண்டுக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்தோம். போர்க்காலத்தில் துப்பாக்கி நீட்டிய துவாரங்களில் இப்போது நாங்கள் ஈரக் காலுறைகளைக் காயப்போடுகிறோம். நதேழ் தன் வீட்டில் செய்த ஆட்டுப்பால் சீஸை எடுத்து வைத்தாள், எங்கள் பக்கத்து வழக்கப்படி மேலே சாம்பல் பூசியது.

"சாப்பிட்டுப் பாரு கிஸ்லேன், நேத்து செஞ்சது."

"ஆட்டு வாடை எனக்கு ஒத்துக்காதுங்க" என்றேன். பிறந்ததிலிருந்து அதைத் தின்று வளர்ந்தவள் நான். மர்சியால், எங்கள் தலைவர், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் லூதோவிக் கத்திக்காகக் கையை நீட்டினான். அவளைக் கேட்கவில்லை, தேடவும் இல்லை. அவளுடைய பையின் இடது பக்க உறையைத் திறந்தான், கத்தியை எடுத்தான், சீஸை நறுக்கினான். எங்கள் வீட்டில் கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை என்னைக் கேட்கிறவன் அவன்.

மார்ச்சிலிருந்தே தனியாகப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தான். எங்கே என்று கேட்டால், "அந்தக் கரைக்கு. அங்க காத்து கம்மி" என்பான். ஆறு ஒரு கல்லெறி தூரம் அகலம். அதற்குள் காற்று எங்கே போய்க் குறையும்? இதை நான் அப்போது கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம். நான் சந்தேகப் பிசாசு, எனக்குப் பைத்தியம், ஆடு மேய்க்கிறவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்று யாராவது என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

மூன்றாம் நாள் மதியம் வெர்னே பாலத்துக்கு வந்தோம். எங்கள் பயணத்தின் பெரிய வேடிக்கை அங்கேதான்.

இரண்டாம் உலகப் போரின்போது இந்த ஆறுதான் எல்லை. எங்கள் கரை ஜெர்மானியர் கையில். அந்தக் கரை அப்படி இல்லை. அதனால் அந்தக் கரைக்காரர்கள் இன்னமும் எங்களை 'ஜெர்மன்காரங்க' என்று கேலி செய்வார்கள், நாங்கள் அவர்களைச் 'சுதந்திரக்காரங்க' என்போம். இன்னொரு வித்தியாசமும் உண்டு. பார்த்தாலும் பிரிந்தாலும் கன்னத்தில் முத்தம் கொடுப்பது இரண்டு கரைக்கும் பொது. ஆனால் எங்களுக்கு இரண்டு, அவர்களுக்கு நாலு. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. கழுத்து தானாகத் திரும்பும், தானாக நிற்கும்.

எங்கள் ஊர் ரொட்டிக்காரரின் மகள் ஆர்மாந்த், பாரிஸிலிருந்து தப்பி வந்த ஒரு யூத இளைஞனை இந்தப் பாலத்தைத் தாண்டி அனுப்பப் பார்த்தாள். அந்தக் கரையில் வாழும் அத்தை மகன், வீட்டுக்குத் திரும்புகிறான் என்று கதை. பெயர், ஊர், மாட்டின் பெயர் எல்லாம் அவனுக்குப் பாடமாகியிருந்தது. காவல்காரர்கள் முன்னால் அவளிடம் விடைபெற்றான். பாரிஸ்காரன் அல்லவா, இரண்டு முத்தத்தோடு நிறுத்திவிட்டான். சிப்பாய்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கூட நின்ற மொழிபெயர்ப்பாளன் இந்தப் பக்கத்து ஆள், அவன் பிடித்துக்கொண்டான். ஆர்மாந்த் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இன்னொருத்தி பின்னால் சுற்றுகிறவனுக்கு இரண்டே அதிகம் என்று அவனைக் கிழிகிழியென்று கிழித்தாள். சிப்பாய்கள் வயிறு குலுங்கச் சிரித்து அவனைப் போக விட்டார்கள்.

இதை நாங்கள் வருஷாவருஷம் அதே பாலத்தில் நடித்துக் காட்டுவோம். நான் ஆர்மாந்த். லூதோவிக் அந்த இளைஞன். மர்சியால் பழைய தொப்பியோடு மொழிபெயர்ப்பாளன். சைக்கிள் பம்புகளைத் தோளில் சார்த்தி இரண்டு பேர் சிப்பாய்கள். அன்று வழியில் போன டச்சுச் சைக்கிள் பயணிகள் சிலரும் நின்று போனை நீட்டிப் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். நதேழ் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

லூதோவிக் என் தோளைப் பிடித்தான். வலது கன்னத்தில் ஒன்று. இடது கன்னத்தில் ஒன்று. அங்கே நிறுத்த வேண்டும். பிறந்ததிலிருந்து இரண்டோடு நிற்கிற கழுத்து அது, நடிக்கக்கூட வேண்டியதில்லை.

அது நிற்கவில்லை. மறுபடி வலது. மறுபடி இடது.

மர்சியால் தொப்பியைக் கழற்றித் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, பையன் தேறிட்டான்யா! இப்ப நான் என்னத்தைக் கண்டுபிடிக்கிறது?"

"எங்கடா டியூஷன் போனே, லூதோ?" என்று ஒரு சிப்பாய் கத்தினான். பாலமே சிரித்தது.

நதேழ் சிரிக்கவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளப்பில் அவள் எங்கள் வழக்கப்படி இரண்டுதான் கொடுப்பாள். அப்படியென்றால் இந்த நாலு எங்கள் யார் கண் முன்னாலும் பழகியது இல்லை. ஒரு நாள் இரண்டு நாளில் வருவதும் இல்லை. அந்தக் கரையில் அவள் வீட்டு வாசலில் அவளுக்கு நாலு, அவள் அம்மாவுக்கு நாலு, அண்ணனுக்கு நாலு, பால் கறக்க வருகிறவளுக்கு நாலு என்று வசந்தம் முழுக்கத் திரும்பித் திரும்பி அந்தக் கழுத்து பழகியிருக்கிறது. படுக்கையைப் பற்றிக்கூட நான் நினைக்கவில்லை. அந்த வீட்டில் அவன் உறவுக்காரன் ஆகிவிட்டான் என்பதுதான் என்னைத் தின்றது.

என் வசனம் எனக்காகக் காத்திருந்தது.

"இன்னொருத்தி பின்னாடி சுத்துறவனுக்கு நான் குடுக்குறதே ஜாஸ்தி!" என்று கத்தினேன். "எங்கடா கத்துக்கிட்டே இந்த நாலை? யாரு வாசல்ல? போ, அவகிட்டயே போ! என் மூஞ்சியில முழிக்காதே!"

பாதி வசனத்தில் இல்லாதது. குரல் உடைந்துவிட்டது. கைதட்டல் அடங்கவே இல்லை. டச்சுக்காரி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் நீ ஆர்மாந்த்!" என்றார் மர்சியால்.

அந்தச் சத்தத்துக்குள் நான் லூதோவிக்கின் காதருகே போனேன்.

"ஒண்ணுமில்லைன்னு சொல்லு."

அவன் கைதட்டுகிறவர்களைப் பார்த்தான்.

"எனக்குப் பைத்தியம்னு சொல்லு லூதோ. பொய்யாவது சொல்லேன். மார்ச்சுல இருந்து சொல்லிக்கிட்டுதானே இருந்தே?"

"இனிமே முடியாது கிஸ்லேன்" என்றான்.

"இன்னொரு தடவை!" என்று மர்சியால் கூவினார். "டச்சுக்காரங்க ஆரம்பத்தை விட்டுட்டாங்களாம். லூதோ, இந்தத் தடவை ஒழுங்கா ரெண்டோட நிறுத்து!"

மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். தலைவலி, பசி, ஏதோ ஒன்றைச் சொல்லி அவனைச் சாப்பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் அழுது சண்டை போட்டு அவனை நிறுத்திக்கூட வைத்திருக்கலாம். ஆனால் அத்தனை பேர் பார்க்கிறார்கள், அவளும் பார்க்கிறாள், என் ரோஷம் என்னைச் சும்மா விடவில்லை. போய் அவன் எதிரே நின்றேன்.

அவன் இரண்டோடு நிறுத்தினான். மிகச் சரியாக.

மர்சியால் பிடித்துக்கொண்டார், சிப்பாய்கள் பம்பை நீட்டினார்கள். நான் இடுப்பில் கையை வைத்தேன். இந்த முறை கத்தவில்லை.

"மீதி ரெண்டை அவகிட்டப் போயி வாங்கிக்கோ" என்றேன். "போ."

கதைப்படி அந்த இளைஞன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாலத்தைக் கடக்க வேண்டும். லூதோவிக் எப்போதும் நடுப்பாலம் வரை போவான், திரும்பிக் குனிந்து வணக்கம் சொல்வான், கைதட்டலோடு சாப்பிட வருவான். இன்று நடுப்பாலத்தில் அவன் நடை கொஞ்சம் குறைந்தது. நான் ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போதும். நான் இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. அவன் நடந்தான்.

"போதும்யா, திரும்பி வா! ரொட்டி காயுது!" என்று மர்சியால் கத்தினார். அவன் அந்தக் கரையில் இறங்கி, பாப்லர் மரங்களுக்குக் கீழே போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மற்றவர்கள் அதுவும் நடிப்பு என்று நினைத்துத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நதேழ் தன் சைக்கிளை எடுக்க வந்தாள். எங்கள் சைக்கிள்கள் கைப்பிடிச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. அவளுடையதன் மேல் என்னுடையது இருந்தது.

"கொஞ்சம் நகர்த்திக்கிறீங்களா?" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

நகர்த்திக் கொடுத்தேன்.