ஜெயசுந்தரி டீச்சர் வண்ணம் தீட்டுகிறாள்

சாயங்காலமானால் என் மனைவி என்னை வீட்டைவிட்டு விரட்டுகிறாள். இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் எவ்வளவு சண்டை போட்டாலும் செய்யாத வேலை இது.

"நீங்க யாரு? அவிய இல்லாத நேரத்துல உள்ள வந்து உக்காந்திருக்கிய? அவிய வார நேரம். வெளிய போங்க."

அந்த 'அவிய' நான்தான். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வரும் தனசிங். ஜெயசுந்தரி இன்னும் அவனுக்குத்தான் காத்திருக்கிறாள். நரைத்த தலையோடு சோபாவில் உட்கார்ந்திருக்கும் இந்தக் கிழவன் யாரோ.

மறதி நோய் என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். பகலில் துணைக்கு வைத்திருக்கும் ராஜி வந்து பார்த்துக்கொள்கிறாள். அவள் கிளம்பிய பிறகுதான் தொல்லை. போன வாரம் நான் பால் வாங்கப் போன சமயத்தில் ஜெயசுந்தரி கதவைத் தாழ் போட்டுவிட்டாள். மாடிவீட்டு யூசுப் பாய் இறங்கி வந்து, "பாபி, தர்வாஜா கோலோ நா" என்று கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினார். திறந்தாள். அவருக்காகத் திறந்தாள், எனக்காக அல்ல. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. யார்மேல் கோபப்படுவது?

மகள் எமி காதுக்கு விஷயம் போனது. "டாடி, மம்மி உங்கள கிட்டவே விடல. எப்படி மேனேஜ் பண்ணுவீங்க? கச்சிபௌலில எங்க ஃபிளாட் பக்கத்துலயே மறதி உள்ளவங்களப் பாத்துக்கற ஒரு ஹோம் இருக்கு. சனிக்கிழமை வந்து மம்மிய கூட்டிட்டுப் போறேன்."

"நக்கோ, வேண்டாம்" என்றேன்.  ஆனால் அவள் சொன்னதில் தப்பு இல்லை.

வண்ணம் தீட்டும் யோசனையும் எமியுடையதுதான். மனசு அமைதியாகுமாம். முதலில் மயிலும் பூவுமாக ஒரு புத்தகம் வாங்கி அனுப்பினாள். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவளுக்கு எல்.கே.ஜி. புத்தகமா என்று எனக்கு எரிச்சல். ஜெயசுந்தரி அந்தப் புத்தகத்தை வேறு விதமாகப் பயன்படுத்தினாள். சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, ஒவ்வொரு மயிலுக்கும் டிக் போட்டு, பத்துக்கு ஆறு என்று மார்க் கொடுத்து, "கலர் அடிக்காம கொண்டு வந்திருக்கான்" என்று மூடி வைத்துவிட்டாள்.

அதன்பிறகு எமி எங்கள் பழைய போட்டோ ஒன்றை வெறும் கோட்டுப் படமாக மாற்றி பிரிண்ட் எடுத்தாள். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசல். நான் ஸ்கூட்டரில், அவள் பக்கத்தில் குடையோடு. சனிக்கிழமை வரும்போது அதையும் எடுத்து வந்தாள். என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போய் அம்மாவின் புடவைகளைப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜெயசுந்தரி ஜன்னலருகே மேஜையில் இருந்தாள். நான் எதிரில் போய் நின்றேன்.

"டீச்சர்," என்றேன்.

நிமிர்ந்தாள். "எந்தப் பிள்ளையோட அப்பா?"

"எமியோட அப்பா."

"உக்காருங்க."

என் வீட்டில், என் நாற்காலியில், அனுமதி வாங்கி உட்கார்ந்தேன். படத்தை அவள் முன் வைத்தேன். இந்தத் தடவை சிவப்புப் பேனாவைத் தேடவில்லை. வெகுநேரம் பார்த்தாள். பிறகு பச்சையை எடுத்து ஸ்கூட்டருக்கு அடித்தாள். பச்சைதான் அது. குடைக்கு நீலம். கோட்டைத் தாண்டி நிறம் வழிந்தது, அவள் கவலைப்படவில்லை. ஸ்கூட்டர்காரனின் மீசைக்கு வந்ததும் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நுனியால், நிதானமாகக் கறுப்பு அடித்தாள்.

"யாரு டீச்சர் இது?"

"எங்க வீட்ல. இன்னிக்கு ஏனோ லேட்டு." வாசலைப் பார்த்தாள். அவள் குரலில் இருந்த கவலையைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

"ஜெயா, அது நான்தான்."

சொல்லியிருக்கக் கூடாது. இப்போது விரட்டப் போகிறாள் என்று எழுந்திருக்கத் தயாரானேன். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளையைப் பார்க்கிற பார்வை. சட்டென்று எட்டி என் மோவாயைப் பிடித்தாள்.

"ஆடாதீங்க."

கறுப்புப் பேனா என் நரைத்த மீசையில் இறங்கியது. குளிர்ச்சியாக இருந்தது. வலது பக்கம் முடித்து, இடது பக்கம் வந்தாள். அவள் மூச்சு என் முகத்தில் பட்டது. இவ்வளவு பக்கத்தில் அவளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! எமி பெட்டியோடு அறை வாசலில் வந்து நின்றது தெரிந்தது. நான் ஆடவில்லை.

ஜெயசுந்தரி பேனாவை மூடினாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏன் இவ்வளவு லேட்டு?"

"வேல ஜாஸ்தி."

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவப்பிடாதா? எவ்வளவு நேரம் வாசலப் பாத்துக்கிட்டே இருக்கது? கை கழுவிட்டு வாங்க, சோறு வைக்கேன்."

எமி பெட்டியைக் கீழே வைத்தாள். நான் குழாயடிக்குப் போய், முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், கையை மட்டும் கழுவினேன்.