கிருஷ்ணசாமியைக் கொன்ற ஆறு பேர்

கிருஷ்ணசாமி பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு, வழியில் பழைய ஆலைக் கூட்டாளி ஒருவரோடு காபி குடித்துப் பேசிவிட்டு, சாவகாசமாக முத்தியால்பேட்டைக்குத் திரும்பியபோது வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே அவர் மனைவி அஞ்சலாட்சி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். மகள் கார்குழலிக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளையின் தகப்பனார் சின்னக்கண்ணு, அரியாங்குப்பத்திலிருந்து மனைவியோடு வந்து, கையில் ரோஜா மாலையுடன் நின்றிருந்தார்.

“யாரு தவறிட்டாங்க?” என்று கேட்டார் கிருஷ்ணசாமி.

அழுகை பட்டென்று நின்றது. மைத்துனன் சாமிக்கண்ணு அவரை மேலும் கீழும் பார்த்தான். “மாமா... நீங்கதான்.”

பஞ்சாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வந்தால் தெருவில் உட்கார்ந்திருப்பவர்கள் இன்றைக்கும் எழுந்து நிற்பார்கள். அப்படிப்பட்டவர் மீன் பையோடு தன் சாவுக்குத் தானே வந்து நின்றார்.

கார்குழலி செல்போனை வீட்டில் மறந்துவிட்டுப் போயிருந்தாள். அது அடிக்கவும் அஞ்சலாட்சி எடுத்து ‘அலோ’ என்றிருக்கிறாள். தாய்க்கும் மகளுக்கும் ஒரே குரல். “கொழலி, கிருஷ்ணசாமி செத்துட்டாருடி! சந்தையாண்ட தனியா நின்னாரு, ஆறு பேரு வளைச்சி அடிச்சிட்டானுங்க. நீ வந்தா எழுப்பிடலாம், ஓடியா!” என்று ஒரு பெண்குரல் பதறியது. புருஷன் போயிருப்பதும் மார்க்கெட்டுக்கு. எழுப்பிடலாம் என்ற சொல் அவள் காதில் ஏறவேயில்லை. போனைக் கீழே போட்டதில் அது இரண்டாகப் பிளந்தது. சாமிக்கண்ணு மார்க்கெட்டுக்கு ஓடினான்; அங்கே மாமாவைக் காணாமல், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருப்பார்கள் என்று திரும்பினான். ஓடுகிற ஓட்டத்திலேயே சம்பந்தி வீட்டுக்கும் போனில் சொல்லிவிட்டான்.

இதை அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கார்குழலி உள்ளே வந்தாள். கரண்ட் போய், வருமென்று காத்திருந்து பார்த்துவிட்டு பிரவுசிங் சென்டரை மூடிவிட்டார்களாம். மாலையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், உடைந்த போனைப் பார்த்தாள்.

“செத்தது நீங்க இல்லப்பா. என் ஆளு.”

பல ஊர்க்காரர்கள் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு வேஷம் கட்டி, கூட்டமாகச் சேர்ந்து கோட்டை பிடிக்கிற விளையாட்டு அது. அவள் கட்டியிருப்பது ஒரு கிழட்டு வீரனின் வேஷம். பெயர் கிருஷ்ணசாமி. கரண்ட் போனதும் வீரன் சந்தை நடுவே மரம் மாதிரி நின்றுவிட்டான். எதிரிகள் முடித்துவிட்டார்கள்.

“அப்பன் பேரையா வெச்ச?” என்றாள் அஞ்சலாட்சி. இத்தனை வருஷத்தில் புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள் அவள்.

“பொம்பள பேர் வெச்சா கண்டவனும் வம்புக்கு வரான். எவனும் வாலாட்ட முடியாத பேரு எனக்குத் தெரிஞ்சி இது ஒண்ணுதாம்மா.”

சின்னக்கண்ணுவின் மனைவி பாக்கியலட்சுமி மாலையை வாங்கி ஒரு நாற்காலியின் மேல் வைத்தாள். “நல்லா இருக்கு. இஸ்கூலுக்கு மட்டம் போடற பொறுக்கிப் பசங்க ஆடறதை நம்ம வூட்டுக்கு வரப்போறவ ஆடறா. அதுவும் தெரை கட்டின ரூம்புல குந்தி, ஆம்பள வேஷம் கட்டிக்கினு. கூத்தாடி தோத்தா போ.”

அந்தப் பையன்களைப் பற்றி கிருஷ்ணசாமியின் நினைப்பும் அதுவே. கண் குழிந்து, வேலைவெட்டி இல்லாமல், நாலு பேரிடம் பேசத் தெரியாமல் கிடப்பவர்கள். அந்தச் சென்டர் வாசலில் நின்றவர்களை அவரே விரட்டியிருக்கிறார்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. போனில் பதறிய பார்வதி வந்துவிட்டாள். போன் கட்டானதும் ஏதோ விபரீதம் என்று புறப்பட்டிருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், நாற்பது வயது, கூடவே அவள் கணவன். விஷயம் தெரிந்ததும் கிருஷ்ணசாமியின் காலில் விழப்போனாள்.

“இதா இவளும் ஒரு கூத்தாடி,” என்றாள் பாக்கியலட்சுமி. “புருஷன் தெரிஞ்சிதான் வுட்டிருக்கானா?”

“நானும் ஆடறேங்க,” என்றான் கணவன். “எனக்கும் கொழலிதான் தலைவி.”

சாமிக்கண்ணு சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

பார்வதி கிருஷ்ணசாமியைப் பார்த்தே பேசினாள். “நாப்பது பேருங்கப்பா. டாக்டர் இருக்காரு, பேங்க்கு மேனேஜர் இருக்காரு, காலேஜ் பசங்களும் இருக்காங்க. எவன் எங்க நிக்கணும், யாரு முதல்ல போகணும்னு உங்க பொண்ணு சொல்றதுதான் சட்டம். ஒரு பையன் கெட்ட வார்த்தை எழுதினான். அன்னிக்கே வெளிய அனுப்பிட்டா. எங்க மாமியார் படுத்தப்போ ரத்தம் குடுத்தவங்கள்ல நாலு பேரு அந்தக் கூட்டந்தான்.”

கிருஷ்ணசாமியின் முதுகு நிமிர்ந்தது. ஒரு ஷிப்டை நடத்துவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். தன் பெயரில் ஒருத்தி அதை நடத்துகிறாள்.

சின்னக்கண்ணு தொண்டையைக் கனைத்தார். “நடந்தது நடந்துபோச்சி சம்பந்தி. ஆவணியில கல்யாணம். எங்க விஜய்க்கும் பொண்ணை ரொம்பப் புடிச்சிப்போச்சி. கற்பூரம் ஏத்தச் சொல்லுங்க. இனிமே அந்தக் கருமத்தைத் தொடமாட்டேன்னு பொண்ணு அணைச்சி சத்தியம் பண்ணட்டும். இதோட வுட்டுடுவோம்.”

மகளுக்கு முப்பத்தொரு வயதில் கூடி வந்த சம்பந்தம். விஜயின் போன் வந்தால் கார்குழலி மாடிக்கு ஓடுவதை வீடே அறியும். அஞ்சலாட்சி கொண்டுவந்து வைத்த கற்பூரத் தட்டை அவள் பார்த்தாள். வாய் திறந்தாள்.

கிருஷ்ணசாமி முந்திக்கொண்டார்.

“திருட்டுக் கேசுலதான் கற்பூரம் அணைப்பாங்க. என் பொண்ணு எதையும் திருடல. என் பேரு கெடற எடத்துல அவ இருக்கமாட்டா. சத்தியம் கேக்கற வூட்டுக்குப் பொண்ணு குடுக்கறதுக்கில்ல. நிச்சயத் தட்டைத் திருப்பி எடுத்துக்குங்க.”

“யோசிச்சிப் பேசுங்க,” என்றார் சின்னக்கண்ணு.

“பேசிட்டேன்.”

அவர்கள் எழுந்து போனார்கள். பார்வதியும் கணவனும் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். தெருவில் நின்றவர்கள் கிருஷ்ணசாமியை மரியாதையோடு பார்த்தார்கள். அவர் அதே நிமிர்வோடு மகளிடம் திரும்பினார்.

கார்குழலி அழவில்லை. “சரின்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன்,” என்றாள்.

“என்னா?”

“வுட்டுடறேன்னு சொல்லப்போனேன். எனக்கு விஜய் வேணும். ஆட்டம் போனா போவுது. அவங்க அவங்க கௌரவத்தைப் பாத்தாங்க. நீங்க உங்க கௌரவத்தைப் பாத்தீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிங்களா?”

அவள் சாமிக்கண்ணுவின் போனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய் விஜயிடம் பேசினாள். அம்மா இறங்கி வரமாட்டாள், உங்கப்பா வந்து மன்னிப்புக் கேட்டால் பேசிப் பார்க்கலாம் என்றான். அவள் அதை அப்படியே வந்து சொன்னாள். கிருஷ்ணசாமி இரவெல்லாம் யோசித்தார். தான் பேசியதில் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி ஒரு சொல்கூட இல்லை. எல்லாமே சரியாகத்தான் இருந்தது. அவர் போகவில்லை.

அடுத்த ஞாயிறு கார்குழலி வீட்டிலேயே இருந்தாள்.

“சென்டருக்குப் போகலியாம்மா?”

“இல்லப்பா.”

“எவன் என்னா சொல்லுவான்? போய்ட்டு வா. நான் சொல்றேன்.”

“நீங்க சொல்றதாலதான் போகல,” என்றாள். ஈரத் துணிகளை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.