சூடான சுவர்

தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்க, மூட்டை தூக்குகிறவன் நனைந்துபோய் வீட்டுக்குள் நுழைந்தான். மனைவி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். பாதித் தெருவுக்கு அவள்தான் இஸ்திரி போடுகிறவள். குழந்தை சுவரோரம் சுருண்டு தூங்கினாள்.

"அந்த மூலைதாங்க கதகதப்பா இருக்கு. தொட்டில்ல போட்டா சிணுங்குறா," என்றாள் மனைவி.

அவளுடைய அண்ணன், வயரிங் வேலை செய்கிறவர், மருமகளைப் பார்க்க வந்திருந்தார். குழந்தையைக் கொஞ்சக் குனிந்தவர் சுவரில் கை ஊன்றினார். ஊன்றிய கையை எடுக்கவில்லை.

"மாப்ளே, சுவர் ஏன் சுடுது?"

"பகல்ல வெயில் ஏறியிருக்கும்."

"நாலு நாளா மழை. உங்க வீட்டுக்கு மட்டும் தனிச் சூரியனா? பிள்ளையைத் தூக்கு தங்கச்சி."

மெயினை அணைத்துவிட்டு ஃபியூஸைப் பிடுங்கினார். முடிபோல மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில் தடித்த செம்புக் கம்பி முறுக்கியிருந்தது.

"யார் கைவேலை இது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஃபியூஸ் போகும்போதெல்லாம் அவள் பாதி தேய்த்த சட்டையோடு இருட்டில் நிற்பாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவனே சுற்றிய கம்பி அது.

"அந்தக் கம்பி மெலிசா இருக்கறதே முதல்ல உருகி அறுந்துபோகத்தான். அறுந்தா கரண்டு நின்னுடும். நீங்க அதை அறுந்துபோக விடல. இஸ்திரிப் பெட்டி, ஃபிரிட்ஜ் பாரமெல்லாம் சுவருக்குள்ள இருக்கற பழைய வயர் தலையில. தாங்காத தோள்ல மூட்டை மேல மூட்டை ஏத்தினா என்னாகும்னு உங்களுக்கா சொல்லணும்?"

சுவரைக் கொத்தி உள்ளிருந்த வயரை இழுத்தார். வயரின் மேல்தோல் கருகி, பிசுபிசுவென்று கையோடு வந்தது.

அவன் குழந்தையின் முதுகைத் தொட்டுப் பார்த்தான். இன்னும் சூடாக இருந்தது. மனைவி திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் உலர்ந்த துண்டை எடுத்து அவன் நனைந்த தலையைத் துவட்டினாள்.

"எனக்காகத்தானே செஞ்சீங்க. இனிமே இருட்டுலயே நின்னுக்கறேன்."

"நிக்க வேணாம். பெட்டிக்குத் தனியா தடி வயர் இழுத்து, தனி ஃபியூஸ் போட்டுத் தர்றேன்," என்றார் அண்ணன். மறுநாளே செய்தும் கொடுத்தார். கூலி வாங்கவில்லை.

"மாடி கட்டறேன்ல, ஒரு நாள் வந்து செங்கல் ஏத்துங்க. முதல்ல தோள் சரியாகட்டும்."

இப்போது சுவர் ஜில்லென்று கிடக்கிறது. குழந்தைக்கு அந்த மூலை பிடிக்கவில்லை. அப்பாவின் வலிக்காத இன்னொரு தோளில்தான் தூங்குகிறாள். மச்சானுக்கு ஒரு நாள் செங்கல் சுமக்க வேண்டியது இன்னும் பாக்கி.